மேஜையைப் பார்த்துச் சொன்னது

மார்ச் 3, திங்கள்

இன்று பதினோரு பற்கள். அதில் ஒன்று மட்டும் பாதி நாளைத் தின்றுவிட்டது. முன்பல், புகைபிடிக்கிறவர். பக்கத்துப் பல்லின் மஞ்சளுக்கு ஈடாக வரும்வரை நான்கு முறை பீங்கான் பூசி உலையில் சுட்டேன். வெள்ளையாகப் பல் செய்வது பெரிய காரியம் இல்லை. ஏற்கெனவே வாயில் இருக்கிறவற்றோடு சேருகிற அளவுக்கு அழுக்காகச் செய்ய வேண்டும், அதுதான் வேலை. டென்டல் லேபில் பதினேழு வருஷமாக நான் செய்வது இதைத்தான்.

நான்கு மணிக்குச் சின்ன முதலாளி கூப்பிட்டார். டைப் அடித்த ஒரு தாள். புது மெஷின் வந்துவிட்டதால் கையால் பூசும் பிரிவு மூடப்படுகிறதாம். அதனால் நான் "என் சொந்த விருப்பத்தின் பேரில்" மாதக் கடைசியோடு விலகிக்கொள்கிறேனாம். நானே எழுதியது போல் இருந்தது. கீழே ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் என் பெயர்.

"ஒரு சைன் பண்ணிடுங்கக்கா. சும்மா ஃபார்மாலிட்டிதான்."

கண்ணாடி கொண்டுவரவில்லை என்றேன். கண்ணாடி என் தலைமேல் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை நானும் பார்த்தேன். இருந்தாலும் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

என் கணவர் இரண்டு தடவை படித்தார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து, முழங்கால் போய், இப்போது வீட்டில் இருக்கிறார். படித்துவிட்டு, "உனக்கே தெரியாம உனக்கு ஒரு விருப்பம் வந்திருக்கு," என்றார். சிரித்தேன். சிரித்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

மார்ச் 5, புதன்

இன்றும் கையெழுத்துப் போடவில்லை. லேபில் மெழுகு வேலை பார்க்கிறவருக்கும் இதே மாதிரி தாளாம், அன்றைக்கே போட்டுவிட்டாராம். "அவங்க நல்லா பேசினாங்க, மறுக்கத் தோணல," என்றார்.

மார்ச் 8, சனி

வக்கீல் தேடும் படலம்.

முதல் இடம் கண்ணாடிக் கதவு. உள்ளே இருந்த பெண் அரை மணி நேரத்துக்கு எவ்வளவு என்பதை முதலில் சொன்னாள். பிறகுதான் என்ன விஷயம் என்று கேட்டாள். இரண்டாவது ஆள் தாளை ஒரு விரலால் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் எதுக்கு கோர்ட்டு, பேசி முடிச்சுக்குங்க," என்றார். யாரிடம் பேசுவது? பேசத் தெரிந்தால் நான் ஏன் உங்களிடம் வருகிறேன்? மூன்றாமவர் வரச் சொன்ன நேரத்துக்கு வரவே இல்லை. அவர் அலுவலக வாசலில் ஒரு மணி நேரம் செருப்புகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வரும்போது மருந்துக்கடைக்காரர்தான் சொன்னார். டிப்போவுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு அம்மா இருக்கிறார்களாம். "காசு கம்மி, வாய் ஜாஸ்தி," என்றார். மூன்று தெருவுக்குள் இருக்கிற ஆளைத் தேடித்தான் ஊரெல்லாம் சுற்றியிருக்கிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

ஒரு அறை. வாசலில் நான்கு பேர் உட்காரும் பெஞ்சு. உள்ளே மேஜை, மேஜையில் கோப்புகள், கோப்புகளுக்கு நடுவே ஒரு பொட்டலம் வேர்க்கடலை. எந்த வேலைக்கு எவ்வளவு என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. நோட்டீஸ் அனுப்ப இவ்வளவு, மனு போட இவ்வளவு, உடன் வந்து நிற்க இவ்வளவு. அதன் கீழே சிவப்பு மையில்: "வேலை, வாடகை மட்டும். விவாகரத்துக்கு எதிர்க் கட்டடம்."

வக்கீலம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். நான் உட்காருவதற்கு முன்பே கேள்வி வந்தது.

"கையெழுத்து போட்டீங்களா?"

"இல்ல."

"எதுலயாவது? வெத்துத் தாள்ல? ரெஜிஸ்டர்ல?"

"எதுலயும் இல்ல மேடம்."

"அப்ப உக்காருங்க."

சம்பளச் சீட்டுகள், வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த கடிதம், பெரிய முதலாளி ஒருமுறை எழுதிக்கொடுத்த பாராட்டு — எல்லாம் கொண்டுவரச் சொன்னார். பிரிவை நிஜமாகவே மூடினால் ஒரு கணக்கு, மூடாமல் ஆளை மட்டும் மாற்றினால் வேறு கணக்கு என்றார். "பொய்யான காரணம் சொல்லி அனுப்பறாங்கன்னு காட்டிட்டா, அப்புறம் அவங்கதான் நம்மள தேடி வருவாங்க."

கிளம்பும்போது கேட்டேன், வாடகை கேஸ் என்றால் என்ன மாதிரி என்று.

"ஏன், நீங்க வாடகை வீடா?"

"இல்ல. மாடிய விட்டிருக்கோம்."

"ஓ," என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 14, வெள்ளி

மாடியில் ஒன்பது வருஷமாக ஒரே குடித்தனம். கணக்கு டியூஷன் எடுக்கிறவள், கூட அவள் அப்பா. அப்பாவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. காலையில் அவள் பேப்பரை அவருக்குக் கத்திப் படிப்பாள். எங்கள் வீட்டில் பேப்பர் வாங்குவதே இல்லை, தேவையில்லை.

நல்லவள்தான். வாடகையும் நாள் தவறாது. ஆனால் அது ஒன்பது வருஷத்துக்கு முந்தைய வாடகை, கொஞ்சம் ஏற்றியதோடு சரி. இதே போர்ஷனுக்கு இப்போது இரண்டு மடங்கு வரும் என்கிறார் புரோக்கர். என் சம்பளம் நின்றுபோனால்?

"என்ன சொல்லிக் காலி பண்ணச் சொல்றது?" என்று என் கணவர் கேட்டார்.

"பொண்ணு வரப்போறான்னு சொல்லிடலாம்."

எங்கள் மகள் வேறு நாட்டில், மருமகனோடு. வருகிற எண்ணமே இல்லை. பொய் முதலில் என் வாயிலிருந்துதான் வந்தது. பின்னால் இவர் தலையில் போடக் கூடாது என்பதற்காக எழுதிவைக்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

சொல்லிவிட்டேன். படிக்கட்டில் வைத்தே, மாடிக்காரியிடம்.

"நல்லதுக்கா. பக்கத்துல இருந்தா உங்களுக்கும் தெம்பு," என்றாள். கொஞ்சம் கழித்து, "எவ்வளவு நாள் டைம்?" என்றாள். இரண்டு மாதம் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் அவள் அப்பாவிடம் சொன்னது எங்களுக்கும் கேட்டது. எதிர்வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

"வேற வீடு பாக்கணும்பா. கீழ்வீட்டுப் பொண்ணு திரும்பி வருதாம்."

"எந்தப் பொண்ணு? ரெட்டை ஜடை போட்டுக்கிட்டு உன்கிட்ட அல்ஜீப்ரா படிச்சுச்சே, அதுவா?"

"ஆமா."

"வரட்டும், வரட்டும். நல்ல பொண்ணு."

இவர் டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

மார்ச் 21, வெள்ளி

மகள் போன் பண்ணினாள். "டீச்சர் மெசேஜ் போட்டிருக்காங்க, வர்றியாமே, சந்தோஷம்னு. நான் எங்கேம்மா வர்றேன்? என்ன பதில் போட?"

"பதில் போடாத," என்றேன். பிறகு வெயில் எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

மார்ச் 26, புதன்

மாடிக்காரி வந்து ஆறு மாதம் கேட்டாள். டியூஷன் பிள்ளைகள் எல்லாம் இந்தத் தெருக்களில்தான், தூரமாகப் போனால் வரமாட்டார்கள். அப்பாவோடு என்றால் வீடு தர யோசிக்கிறார்கள். இவர், "கஷ்டம்மா," என்றார்.

வக்கீலம்மாவிடம் போனேன். முறைப்படி நோட்டீஸ் அனுப்பிவிடலாம் என்று. அவர் பேனாவை மூடி வைத்தார்.

"பொண்ணு வர்றாளா?"

"வர்றா."

"எப்போ?"

"ஜூன்ல."

எழுத ஆரம்பித்தார். அவர் எழுதி முடிக்கும்வரை நான் மேஜையில் தாள்கள் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு நீலப் பூ.

ஏப்ரல் 1, செவ்வாய்

எல்லோரும் முட்டாளாக்கப்படும் நாளாம். லேப் வாசலில் வாட்ச்மேன் நிறுத்திவிட்டார். "அக்கா, லிஸ்ட்ல உங்க பேர் இல்ல." பதினேழு வருஷமாக எனக்கு வணக்கம் வைத்தவர். அவர் முகம் எனக்குமேல் வாடியிருந்தது. என் பிரஷ் உள்ளேயே இருக்கிறது என்றேன். எடுத்துவந்து கொடுத்தார். மூன்றாம் நம்பர் பிரஷ், நானே முனை வெட்டி வைத்தது.

நேராக ஜெராக்ஸ் கடை மாடி. தொழிலாளர் அலுவலகத்துக்கு இன்றே மனு போய்விட்டது.

ஏப்ரல் 9, புதன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மனு விஷயமாக வக்கீலம்மா கூப்பிட்டிருந்தார். பெஞ்சில் இடம் இருந்தது, உட்கார்ந்தேன். குனிந்து பையில் எதையோ தேடிக்கொண்டிருந்த பக்கத்து ஆள் நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது. மாடிக்காரி. கையில் எங்கள் நோட்டீஸ்.

"நீங்களாக்கா," என்றாள். நகர்ந்து இன்னும் கொஞ்சம் இடம் விட்டாள். இடம் விட்டாளா, தள்ளி உட்கார்ந்தாளா?

கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம். ஒரே வீட்டில் இருந்து தனித்தனியாகக் கிளம்பி வந்திருக்கிறோம்.

உள்ளே கூப்பிட்டபோது இரண்டு பேரும் எழுந்தோம். வக்கீலம்மா அவள் கையில் இருந்த தாளைப் பார்த்தார்.

"இது நான் அனுப்பினது."

"தெரியும் மேடம். மூணு வக்கீல்கிட்ட கேட்டுப் பாத்தேன், எனக்குக் கட்டுப்படி ஆகல. இதுல அட்ரஸ் இருந்துச்சு. அதான் உங்ககிட்டயே கேட்டுடலாம்னு. அவங்க பொண்ணு வர்றதுல எனக்குச் சண்டை இல்ல. டைம்தான் வேணும். சட்டத்துல எனக்கு எவ்வளவு டைம் இருக்கு?"

"நான் அவங்க வக்கீல்மா. உங்களுக்கு நான் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. சொன்னா தப்பு." குரல் எப்போதும் போல் இல்லை. இலவச சட்ட உதவி மையத்தின் முகவரியை எழுதிக் கொடுத்தார். வாரத்தில் இரண்டு நாள்தான் திறந்திருக்குமாம்.

நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்த மூன்று வக்கீல்களும் எந்த மூன்று பேர் என்று எனக்குத் தெரியும். அந்த வாசலில் நானும் செருப்பு எண்ணியிருக்கிறேன். இந்தப் பக்கத்தில் அவளுக்கு எட்டக்கூடிய ஒரே ஆளை நான் முந்திக்கொண்டு பிடித்துவிட்டேன். அதுவும் பொய் சொல்லி.

இவரிடம் சொன்னேன். "நம்ம வீடு, நம்ம இஷ்டம். இதுல என்ன இருக்கு?" என்றார். இருக்குங்க. என்ன இருக்குன்னு சொல்லத்தான் தெரியல.

ஏப்ரல் 15, செவ்வாய்

லேபில் இருந்து கிளினிக்குகளுக்குப் பல் கொண்டுபோய்க் கொடுக்கிறவர் வழியில் பார்த்துச் சொன்னார். என் சீட்டில் புதிதாக ஒரு பெண்ணாம். அதே பிரஷ் வேலைதானாம். "உங்க கை மாதிரி இல்லக்கா," என்று ஆறுதல் வேறு.

மூடவே இல்லை! எப்படிக் கூசாமல் எழுதினார்கள், மூடுகிறோம் என்று? பதினேழு வருஷம். மூஞ்சியப் பாத்து "உனக்குச் சம்பளம் ஜாஸ்தி, போ"ன்னு சொல்லியிருந்தா கூட ஒரு மரியாதை இருந்திருக்கும்.

வக்கீலம்மாவிடம் ஓடினேன். பேச்சு போதாது, தாள் வேண்டும் என்றார். ஒவ்வொரு பல்லோடும் ஒரு வேலைச் சீட்டு போகும், பூசியவரின் இனிஷியலோடு. எனக்கு நெடுநாள் பழக்கமான டாக்டர் ஒருவரிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 17, வியாழன்

தொழிலாளர் அலுவலகம். நீளமான மேஜை. ஒரு பக்கம் நாங்கள், எதிரில் சின்ன முதலாளியும் அவர் வக்கீலும், தலைப்பக்கம் அதிகாரி. என்னைப் பார்த்துச் சின்ன முதலாளி, "நல்லாருக்கீங்களாக்கா," என்றார். "இருக்கேன் தம்பி," என்றேன். பழக்கம்.

வக்கீலம்மா கோபப்படவே இல்லை. விசாரிப்பது போல் கேட்டார்.

"கைவேலைப் பிரிவ மூடிட்டீங்களா சார்?"

"மூடிட்டோம்."

"எப்போலேர்ந்து?"

"மார்ச் கடைசியோட."

தண்ணீர்க் கிளாஸின் கீழே இருந்த ஈர வட்டத்தைப் பார்த்தபடி சொன்னார். விரலால் அந்த வட்டத்தை மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வக்கீலம்மா மேஜையில் பார்த்த நீலப் பூ ஞாபகம் வந்தது.

பிறகு வக்கீலம்மா, டாக்டர் கொடுத்த ஏப்ரல் எட்டாம் தேதி வேலைச் சீட்டின் நகலை எடுத்து வைத்தார். "கைப்பூச்சு" என்ற இடத்தில் டிக், யாரோ ஒருத்தியின் இனிஷியல். அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். எதிர் வக்கீல் தன் கட்சிக்காரரைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! வேறு தேதி கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

வெளியே படியில் உட்கார்ந்து வக்கீலம்மா வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார். சந்தோஷமாக இருந்தார்.

"பாத்தீங்களா, என் மூஞ்சியப் பாக்காம மேஜையப் பாத்துக்கிட்டே சொன்னான். பொய் சொல்றவங்க அப்படித்தான்."

"நானும் உங்க மேஜையைத்தான் பாத்தேன் மேடம்."

வாய் மெல்வது நின்றது. "என்னது?"

"என் பொண்ணு வரல."

அவர் பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்தார்.

"என் கையெழுத்து போட்டு அனுப்பியிருக்கேன்," என்றார். "அந்தப் பொண்ணு என் எதுக்க நின்னு டைம் கேட்டா. நான் அட்ரஸ் எழுதிக் குடுத்தேன்."

நான் படியில் விழுந்திருந்த கடலைத் தோலைப் பொறுக்கினேன்.

"நோட்டீஸ நாளைக்கே வாபஸ் வாங்கறேன். வேலை கேஸ விடமாட்டேன், அதுல நியாயம் உங்க பக்கம்தான். ஆனா இனிமே நீங்க எத சொன்னாலும் ரெண்டு தடவ கேப்பேன். கோச்சுக்கக் கூடாது."

"கோச்சுக்க மாட்டேன்."

"கோச்சுக்க மாட்டீங்கல்ல?"

அங்கேயே ஆரம்பித்துவிட்டார்.

ஏப்ரல் 18, வெள்ளி

இவருக்கு ஒரே கோபம். "உண்மை பேசறதுக்கு உனக்கு வேலை போன நேரம்தான் கெடச்சுதா?" காலையில் இருந்து பேச்சில்லை. மத்தியானம் நான் மாடிப்படி ஏறும்போது மட்டும், "பாத்துப் போ, மூணாவது படி ஆடுது," என்றார்.

அவள் சாக்பீஸ் கையோடு கதவைத் திறந்தாள். அப்பா நாற்காலியில். நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தெரியும்.

"நெனச்சேன். பாப்பா பதிலே போடல," என்றாள். "அப்ப எதுக்குக்கா?"

"வாடகை. வேலை போயிடுச்சு, அதான்."

"கேட்டிருக்கலாமே. எவ்வளவு கூடக் குடுக்க முடியும், முடியாதுன்னு நான் சொல்லியிருப்பேன்ல. ஒரு மாசமா சாயங்காலம் சாயங்காலம் வீடு பாத்துட்டு வர்றேன். அப்பாவத் தனியா விட்டுட்டு."

அதற்குள் அவள் அப்பா, "என்ன சொல்றாங்க?" என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். அவரிடம் எதைச் சொன்னாலும் தெருவுக்கே சொல்ல வேண்டும். சொல்லட்டும் என்றுதான் நின்றேன்.

"பொண்ணு வரலையாம்பா!"

"ஐயோ. ஏன்? ஒடம்புக்கு எதாவதா?"

"ஒடம்புக்கெல்லாம் ஒண்ணும் இல்ல!" என்று கத்தினாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். எனக்காக நிறுத்தவில்லை. அவர் மனசு நோகக் கூடாது என்று.

ஏப்ரல் 19, சனி

மூன்றாவது படிக்கு இவர் ஆப்பு அடித்துக்கொண்டிருந்தார். முழங்காலை நீட்டி வைத்துக்கொண்டு. நான் சுத்தியலை எடுத்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

மே 6, செவ்வாய்

மெழுகுக்காரரை வக்கீலம்மாவிடம் கூட்டிப்போனேன். கையெழுத்துப் போட்டுவிட்டதால் கஷ்டம் என்றார். ஆனாலும் தாளை வாங்கி வைத்துக்கொண்டார். சுவரில் எழுதியிருப்பதில் பாதிதான் கேட்டார்.

மே 28, புதன்

முடிந்தது. வேலை திரும்பக் கிடையாது. பதினேழு வருஷத்துக்கு உரியதும் அதற்கு மேல் கொஞ்சமும் தருகிறார்கள். விலகல் கடிதத்தில் "சொந்த விருப்பம்" என்ற வார்த்தை இருக்கக் கூடாது என்று வக்கீலம்மா ஒற்றைக் காலில் நின்றார். எடுத்துவிட்டார்கள். "நிறுவனத்தின் முடிவால்" என்று இருக்கிறது. படித்துவிட்டுப் போட்டேன்.

சந்தோஷமா? தெரியவில்லை. பசித்தது. நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 2, திங்கள்

ஒரு சின்ன லேபில் காலை நேரம் மட்டும் வேலை. ஜன்னல் வடக்குப் பார்த்தது, நிறம் பார்க்கத் தோதான வெளிச்சம். அங்கே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். திரும்பிப் பார்க்கக் கொஞ்ச நேரம் ஆகிறது.

ஜூன் 7, சனி

மாடிக்காரி காலி செய்கிறாள். நோட்டீஸ் இல்லை, நாங்கள் இருக்கச் சொல்லியும்கூட. இரண்டு தெரு தள்ளித் தரைத்தளத்தில் கிடைத்துவிட்டதாம். "அப்பாவுக்குப் படி கஷ்டமா இருக்கு," என்றாள். அவர் ஒன்பது வருஷமாகப் படியே இறங்கியதில்லை. அது நிஜக் காரணமா, மரியாதைக்குச் சொன்ன காரணமா? கேட்க எனக்கு வாய் ஏது.

ஜூன் 14, சனி

வண்டி வந்தது. இவரும் நானும் சாமான் இறக்கக் கை கொடுத்தோம். அவள் அப்பாவை நாற்காலியோடு தூக்கினார்கள். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொண்ணு வந்தா சொல்லுங்க, வந்து பாக்கறேன்," என்றார். அவருக்குக் கேட்கிற அளவுக்குக் கத்தி, "சரிங்க!" என்றேன்.

ஜூன் 16, திங்கள்

காலையில் செய்தி எதுவும் தெரியவில்லை. பேப்பர் போடச் சொல்ல வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

மாடியைப் பார்க்க ஒரு கணவன் மனைவி வந்தார்கள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவன் ஏ.சி. மெக்கானிக். வாடகை, புரோக்கர் சொன்ன இரண்டு மடங்கு இல்லை. நாங்கள் யோசித்துச் சொன்ன ஒரு தொகை. அவள் குழாயைத் திறந்து பார்த்தாள், ஜன்னல் கொக்கிகளைப் பார்த்தாள். வக்கீலம்மா தயார் செய்து கொடுத்த ஒப்பந்தத்தை ஜன்னல் பக்கம் எடுத்துப் போய் நின்றபடியே கடைசி வரி வரைக்கும் படித்தாள். பிறகு கேட்டாள்.

"முன்னாடி இருந்தவங்க ஏன் போனாங்க?"

"அவங்க அப்பாவுக்குப் படி—" என்று இவர் ஆரம்பித்தார்.

"நாங்க ஒரு பொய் சொல்லிக் காலி பண்ணச் சொன்னோம்," என்றேன். "அப்புறம் உண்மையச் சொல்லி இருக்கச் சொன்னோம். அவங்க இருக்கல."

இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அந்தப் பெண் கணவனைப் பார்த்தாள். இரண்டு பேரும் பால்கனிக்குப் போய்த் தாழ்ந்த குரலில் கொஞ்ச நேரம் பேசினார்கள். போனது என்றுதான் நினைத்தேன்.

திரும்பி வந்து தாளில் ஒரு இடத்தில் விரல் வைத்தாள். "காலி பண்ணச் சொல்லணும்னா மூணு மாசம் டைம்னு போட்டிருக்கீங்க. ஆறு மாசம்னு மாத்தித் தருவீங்களா? காரணத்தையும் எழுத்துல தரணும்னு ஒரு வரி சேத்துக்கணும்."

கேட்கும்போது அவள் என் முகத்தை நேராகப் பார்த்துதான் கேட்டாள். இவர் சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்து நீட்டினார். மூன்றை அடித்துவிட்டு ஆறு என்று எழுதினேன். அந்த ஒரு வரியையும், அவள் சொல்லச் சொல்ல, அப்படியே.

ஒன்றாம் தேதி வருகிறார்கள்.